எட் ஷீரன் பாட்டு மாலை நடத்தப் போறீங்களா? மனு முதல் மைக் வரை, திருப்பூர் அனுபவம்

பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை எனக்கு. எங்கள் துணியை வாங்குகிற லண்டன் பையருக்கு ராத்திரி பதினொரு மணிக்கு மெயில் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த காலத்தில், 2012 வாக்கில், காதில் விழுந்தவர் இங்கிலாந்துப் பாடகர் எட் ஷீரன். அன்று பிடித்தது இன்னும் விடவில்லை. அவர் பாட்டுகளில் எங்களுக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்கி, நாங்களே கிடார் எடுத்துப் பாடி, தெரிந்தவர்களைக் கூப்பிட்டு ஒரு சாயங்காலம் நடத்தலாம் என்று ஆறு பேர் கிளம்பினோம். இரண்டு தடவை நடத்தியாயிற்று. முதல் தடவை மைக்கைத் தொடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, "லைசென்ஸ் இருக்குதுங்களா தம்பி?" என்று ஹால் மேனேஜர் கேட்டார். நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அந்த முழிப்பு உங்களுக்கு வேண்டாம். கோவை, ஈரோடு, கரூர் எங்கே நடத்தினாலும் வேலை ஏறக்குறைய இதேதான்.

1. எல்லாவற்றுக்கும் முன்னால் பாட்டுப் பட்டியல்

ஹால் பிடிப்பதற்கு முன்பே பட்டியலை எழுதுங்கள். ஹால்காரர், போலீஸ் ஸ்டேஷன், சவுண்ட் சர்வீஸ் எல்லோரும் கடைசியில் கேட்பது "என்ன பாட்டு, எவ்வளவு நேரம்" என்பதைத்தான். டைப் அடித்து ஐந்து காப்பி எடுத்து வையுங்கள்.

நேரக் கணக்கில்தான் எல்லோரும் ஏமாறுவது. 'திங்கிங் அவுட் லௌட்' 4 நிமிடம் 41 நொடி, 'பெர்ஃபெக்ட்' 4 நிமிடம் 23 நொடி. இப்படிப் பதினொரு பாட்டைக் கூட்டினால் ஐம்பது நிமிடத்துக்குள் வரும். நாங்களும் அதை நம்பினோம். ஆனால் ட்யூனிங், காப்போ (சுருதியை ஏற்றக் கிடார் கழுத்தில் மாட்டுகிற கவ்வி) மாற்றுவது, மைக்கைத் தட்டி "ஹலோ ஹலோ" சொல்வது எல்லாம் சேர்ந்து ஒரு பாட்டு ஏழு நிமிடம் தின்னும். பதினொன்றுக்கு 77 நிமிடம். அதற்கு மேல் பேச்சு, காபி.

பாட்டுகளைக் காப்போ வைத்துத் தொகுத்தால் பாதித் தலைவலி போகும். 'தி ஏ டீம்', 'ஃபோட்டோகிராஃப்' இரண்டும் இரண்டாவது கட்டையில் (கிடார் கழுத்தில் குறுக்கே இருக்கிற ஃப்ரெட்) காப்போ போட்டு வாசிக்கலாம், அடுத்தடுத்து வையுங்கள். 'திங்கிங் அவுட் லௌட்', 'காஸில் ஆன் தி ஹில்' இரண்டுக்கும் காப்போவே வேண்டாம், டி மேஜர். 'பெர்ஃபெக்ட்' முதல் கட்டையில், ஜி கார்டு (ஒன்றாக மீட்டுகிற சுரக் கூட்டு) வடிவங்களில். 'ஐ ஸீ ஃபயர்' ஆறாவது கட்டை, அதற்குத் தனியாக இன்னொரு கிடார் ட்யூன் செய்து வைத்திருந்தால் நல்லது. பெண்கள் பாடுவதாக இருந்தால் காப்போவை நகர்த்தி அவர்கள் குரலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய குரல் உயரம் நம்மில் பல பேருக்கு எட்டாது. அதில் வீம்பு வேண்டாம்.

எந்தப் பாட்டு எடுபடும் என்பதில் என் கருத்தைச் சொல்கிறேன், உங்களுக்கு வேறாக இருக்கலாம்.

'ஷேப் ஆஃப் யூ' எல்லோரும் கேட்பார்கள், பாடியே ஆக வேண்டும். எனக்கு அவ்வளவு இஷ்டமில்லை. ஆனால் நாலே கார்டில் சுற்றுகிற பாட்டு என்பதால் புதுசாகக் கிடார் கற்றவருக்கு நல்ல தொடக்கம். 'பெர்ஃபெக்ட்' மும்மூன்றாக நடக்கிற தாளம். எங்கள் பெரியம்மா வள்ளி கும்மிக் குழுவில் ஆடுகிறவர். இங்கிலீஷ் ஒரு வார்த்தை புரியாமல், சரியான இடத்தில் கை தட்டிக்கொண்டே இருந்தார். மேடையில் இருந்த எங்களை விட அவர் தாளம் சுத்தம்.

'தி ஏ டீம்' தாலாட்டு மாதிரிக் கேட்கும். போதைக்கு அடிமையாகித் தெருவில் நிற்கிற ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டு அது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை மேடையேற்றிப் பாட வைப்பதற்கு முன் பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள்; பாதியில் எழுந்து வந்து ஒருத்தர் சண்டை பிடித்தது எங்களுக்குப் போதும். 'நான்சி மல்லிகன்' அவருடைய தாத்தா பாட்டி, மதம் வேறு வேறு என்று வீட்டில் எதிர்த்தும் கல்யாணம் பண்ணிக்கொண்ட கதை. நம்ம ஊரில் பாடுவதற்கு முன் கதை சொல்வதா, பாடி முடித்துச் சொல்வதா என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். நாங்கள் பாடி முடித்து, எல்லோரும் கை தட்டிய பிறகு சொன்னோம்.

எனக்கு உயிர் 'சூப்பர்மார்க்கெட் ஃப்ளவர்ஸ்'. அவர் பாட்டி இறந்தபோது, அம்மா பாடுவது போல எழுதியது. 2017 ஆல்பத்தில் இருக்கிறது. ஆஸ்பத்திரி அறையைக் காலி பண்ணுகிற பாட்டு. ஜன்னலோரப் பூவை எடுக்கிறார்கள், கோப்பையில் மீதியிருந்த டீயைக் கொட்டுகிறார்கள். என் அம்மாயி (அம்மாவின் அம்மா) போனபோது அவர் தலையணைக்கு அடியிலிருந்து மாத்திரை அட்டைகளையும் வெத்தலைப் பையையும் எடுத்தவன் நான். அதனால் இதை 'கிராண்ட் ஃபினிஷ்' என்று கடைசியில் வைத்தேன். முதல் தடவை மணி பத்தை நெருங்கி, கரண்ட் மெயினில் கை வைத்துக்கொண்டு வாட்ச்மேன் நின்றார். அந்தப் பாட்டுப் பாடவே இல்லை. உங்களுக்கு ரொம்பப் பிடித்த பாட்டைக் கடைசியில் வைக்காதீர்கள். ஆறாவதோ ஏழாவதோ வையுங்கள். கடைசி இடம் வெட்டுப்பட்டாலும் வருத்தமில்லாத பாட்டுக்கு.

2. டிக்கெட்டா, சும்மாவா? இதை முதல் வாரமே முடிவு பண்ணுங்கள்

மற்ற ஆவணங்கள் எல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்துதான் கிளைக்கின்றன.

இன்னொருவர் எழுதிய பாட்டைப் பொது இடத்தில் பாட உரிமைச் சீட்டு வேண்டும் என்பது பொது விதி. இந்தியாவில் பாடலாசிரியர், இசையமைப்பாளர் பக்கத்து உரிமைகளைப் பார்ப்பது ஐபிஆர்எஸ் என்கிற சங்கம். வெளிநாட்டுச் சங்கங்களோடு ஒப்பந்தம் இருப்பதால் வெளிநாட்டுப் பாட்டுகளுக்கும் அவர்களிடம்தான் போக வேண்டும். டிக்கெட் விற்றால், ஸ்பான்சர் பிடித்தால், ஹோட்டலில் சாப்பாட்டோடு சேர்த்து நடத்தினால் இந்த வழிதான். இணையத்தில் விண்ணப்பிக்கலாம். இடம், எத்தனை பேர், டிக்கெட் விலை இவற்றை வைத்துக் கட்டணம் மாறும். டிக்கெட் என்று வந்துவிட்டால் வரிக் கேள்விகளும் கூடவே வரும். ஓர் ஆடிட்டரிடம் அரை மணி நேரம் உட்காருங்கள்.

சும்மா நடத்தினால் வேறு கதை. பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52(1)(எல்) என்ன சொல்கிறது என்றால், தொழில்முறை அல்லாத ஒரு குழுவோ சங்கமோ, பணம் கொடுக்காத பார்வையாளர்களுக்கு முன் நிகழ்த்தினால் அது உரிமை மீறல் ஆகாது. நாங்கள் போனது இந்த வழி. ஆறு பேரும் ஒரு பெயர் வைத்து, ஒரு நோட்டில் "நுழைவு இலவசம், பாடுகிற யாருக்கும் சம்பளம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அந்தப் பிரிவு இருக்கிற பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைத்தோம். இரண்டாம் தடவை மேனேஜர் கேட்டபோது அந்தத் தாளை நீட்டினோம். அவர் படிக்கவில்லை, ஆனால் தாள் இருந்தது போதும் அவருக்கு.

இதில் மூன்று குழிகள். வாசலில் "நன்கொடை" என்று உண்டியல் வைப்பது முதல் குழி. பணம் கொடுக்காத கூட்டம் என்று அப்புறம் எப்படிச் சொல்வீர்கள்? செலவை நடத்துகிறவர்கள் தங்களுக்குள் பங்கு போடுங்கள். இரண்டாவது, கோவையிலிருந்து சம்பளத்துக்கு ஆர்கெஸ்ட்ரா ஆட்களைக் கூட்டி வருவது. அது அமெச்சூர் இல்லை. மூன்றாவதை யாரும் சொல்ல மாட்டார்கள்: இடைவேளையில் ஸ்பீக்கரில் அவருடைய ஒரிஜினல் ரெக்கார்டையே ஓட விடுவது. ஒலிப்பதிவுக்கான உரிமை தனி, அதன் சொந்தக்காரர் வேறு. நாமே பாடுகிற பாட்டுக்கான விலக்கு அதற்குப் பொருந்தாது. இடைவேளையில் சும்மா இருங்கள், ஜனங்கள் பேசிக்கொள்ளட்டும்.

கல்யாண வீட்டில் பாடுகிறீர்கள் என்றால் இன்னும் சுலபம். கல்யாணத்தையும் அதைச் சேர்ந்த கொண்டாட்டங்களையும் பிரிவு 52(1)(இசட்ஏ) தனியாகவே விலக்கி வைத்திருக்கிறது. மத்திய அரசு 2023 ஜூலையில் ஓர் அறிவிப்பும் கொடுத்தது. அதன் காப்பி ஒன்று மண்டபத்துக்காரருக்குக் கொடுத்தால் பேச்சு முடிந்தது.

3. தேதி

திருப்பூரில் சனிக்கிழமை வைக்காதீர்கள். சம்பள நாள். கம்பெனியில் சம்பளம் வாங்கி, கடனைக் கொடுத்து, கறி வாங்கி வீட்டுக்குப் போகவே மணி ஒன்பது ஆகிவிடும். ஞாயிறு சாயங்காலம்தான் சரி, அதுவும் எட்டரைக்குள் முடிகிற மாதிரி. திங்கட்கிழமை ஷிஃப்ட் இருக்கிறது.

முகூர்த்த நாளில் ஹால் கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை ஏறும். அதனால் எல்லோரும் "ஆடியில் வையுங்க, மண்டபம் சும்மாதான் கிடக்கும்" என்பார்கள். உண்மைதான். ஆனால் ஆடியில் சவுண்ட் சர்வீஸ்காரர் சிக்க மாட்டார், மாரியம்மன் நோம்பிக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டப் போயிருப்பார். ஆடி வேண்டுமென்றால் முதலில் சவுண்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, பிறகு ஹாலுக்குப் போங்கள். மற்ற மாதங்களில் நேர்மாறு. ஈரோட்டுக்காரர்கள் பங்குனியில் பெரிய மாரியம்மன் நோம்பி நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். ரோட்டில் நகர முடியாது.

ரிகர்சல் வைக்கிற நாளுக்கு, அந்த ஏரியாவின் மாதாந்திர மின்தடை என்று என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பது மணிக்கு ஆம்ப்ளிஃபயரோடு போய் இருட்டில் உட்கார்ந்திருக்கிறோம்.

4. ஹால் பிடிப்பது

நூறு பேருக்கு மினி ஹால் போதும். வாடகையைக் கேட்கும்போது கூடவே கேட்க வேண்டியவை: 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா? கரண்ட் மீட்டர்படியா? ஜெனரேட்டர் டீசல் யார் கணக்கு? துப்புரவுக் காசு தனியா? டெபாசிட் எத்தனை, எத்தனை நாளில் திரும்பும்? வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுவர விடுவார்களா? "பார்த்துக்கலாமுங்க" என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்தி, ரசீதின் பின்பக்கம் எழுதி வாங்குங்கள். அந்தப் "பார்த்துக்கலாம்" எங்களுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்குப் பக்கம் ஆனது.

ரசீதில் உங்கள் பெயர், தேதி, நேரம் மூன்றும் இருக்க வேண்டும். "ஃபங்ஷன்" என்று மட்டும் எழுதிய ரசீதை ஸ்டேஷனில் ஏற்றுக்கொள்ளவில்லை. "இசை நிகழ்ச்சி, மாலை 5 முதல் 9 வரை" என்று எழுதச் சொல்லுங்கள்.

5. போலீஸ் ஸ்டேஷன் மனு

ஒலிபெருக்கிக்கு எழுத்தில் அனுமதி வேண்டும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் இருக்கிறது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்கத்துக்கு விதிவிலக்கு உண்டு என்று சிலர் வாதம் பண்ணுவார்கள். உண்டுதான், ஆனால் ஜன்னல் கதவெல்லாம் திறந்து கிடக்கிற நம்ம மண்டபத்தை மூடிய அரங்கம் என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். குடியிருப்புப் பகுதியில் பகலுக்கே 55 டெசிபல்தான் அளவு.

மனுவோடு வைக்க வேண்டியவை: ஹால் ரசீது காப்பி, பொறுப்பாளர் ஆதார் காப்பி, போன் நம்பர், எத்தனை பேர் வருவார்கள், எத்தனை ஸ்பீக்கர், பாட்டுப் பட்டியல். கோவை, திருப்பூர், சேலம் மாநகரத்துக்குள் என்றால் கமிஷனர் அலுவலகம் வரை போக வேண்டியிருக்கலாம். முதலில் உங்கள் ஏரியா ஸ்டேஷனில் விசாரித்துவிட்டுப் போங்கள், அலைச்சல் குறையும். பத்து நாள் முன்பே கொடுங்கள். இரண்டு காப்பி எடுத்துப் போய், ஒன்றில் சீல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "கொடுத்துட்டுப் போங்க" என்றால் சும்மா வந்துவிடாதீர்கள். சீல் இல்லாத மனு, கொடுக்காத மனு.

"யாரு பாட்டு?" என்று ரைட்டர் கேட்டார். எட் ஷீரன் என்றேன். "ஏ.ஆர்.ரஹ்மான் கூட மேடையில பாடுனாரே, அவருங்களா?" என்றார். 2025 பிப்ரவரி 5இல் சென்னை நந்தனத்தில் 'ஊர்வசி'யையும் 'ஷேப் ஆஃப் யூ'வையும் சேர்த்துப் பாடியது ஸ்டேஷன் வரைக்கும் எட்டியிருக்கிறது. சீல் உடனே விழுந்தது.

6. சவுண்டும் லூப் பெடலும்

எட் ஷீரன் தனி ஆளாக மேடையில் நிற்பார். கிடார் உடம்பில் தட்டி அதைப் பதிவு செய்து திரும்ப ஓட விட்டு, அதன் மேல் கார்டு, அதன் மேல் குரல் என்று அங்கேயே அடுக்குவார். அதைப் பார்த்துவிட்டு நம்ம பையன்கள் அதைச் செய்கிற லூப் பெடலைக் கேட்பார்கள். ஒரு பாட்டுக்கு மட்டும் வையுங்கள். முதல் சுற்றில் தாளம் ஒரு மயிரிழை தப்பினால் அந்தத் தப்பு பாட்டு முடிகிற வரை சுற்றிச் சுற்றி வரும். எங்களுக்கு நாலு நிமிடம் வந்தது. கஹோன் (மேலே உட்கார்ந்து தட்டுகிற மரப்பெட்டி) வாசிக்கிறவர் லூப்பைக் கேட்டு வாசிக்க வேண்டும், தன்னிஷ்டத்துக்கு வேகம் கூட்டக் கூடாது. அதற்கு அவர் பக்கத்தில் மானிட்டர் ஸ்பீக்கர் (வாசிக்கிறவருக்கே கேட்கிற மாதிரி வைப்பது) இருந்தாக வேண்டும்.

சவுண்ட் சர்வீஸ்காரரிடம் "கச்சேரி" என்று சொன்னால் செண்டை மேளத்துக்குப் போடுகிற செட்டைக் கொண்டுவந்து இறக்குவார். இப்படிச் சொல்லுங்கள்: பாட்டு மைக் மூன்று, கிடாருக்கு டிஐ பாக்ஸ் (கிடாரை மிக்ஸரோடு இணைக்கிற சின்னப் பெட்டி) இரண்டு, மானிட்டர் இரண்டு, மெயின் ஸ்பீக்கர் இரண்டு, பேஸ் பெட்டி வேண்டாம். டிஐ பாக்ஸ் இல்லாமல் கிடாரை நேராக மிக்ஸரில் சொருகினால் 'உம்ம்' என்று ஓர் இரைச்சல் வரலாம். ஹால் எர்த்திங் சரியில்லாவிட்டாலும் அதே இரைச்சல்தான். இரண்டு மணி நேரம் முன்பே ஆளை வரச் சொல்லிச் சரிபார்ப்பது இதற்காகத்தான். மைக் ஸ்பீக்கருக்கு நேராக இருந்து கூவினால் ஆளை நகர்த்துங்கள், வால்யூமைத் திருகாதீர்கள்.

7. அன்றைக்கு

நாங்கள் இரண்டாம் தடவை வைத்த நேரம்: 3 மணிக்கு சவுண்ட் இறங்கியது, 5 மணிக்குக் காபி, 5:40க்கு முதல் பாட்டு. அழைப்பில் 5 என்று போட்டிருந்தோம். நம்ம ஜனத்துக்கு அந்த நாற்பது நிமிடம் வேண்டும். 6:30க்குப் பத்து நிமிடம் இடைவேளை. 7:30க்கு முடிந்தது. சோறு போட்டு, எட்டரைக்கு ஹாலைக் கூட்டிவிட்டோம். 'சூப்பர்மார்க்கெட் ஃப்ளவர்ஸ்' ஏழாவது. கீபோர்டில் தங்கச்சி வாசித்தாள். நடுவில் ஒரு குழந்தை அழுதது, அதுவும் சேர்ந்துதான் ரெக்கார்டில் இருக்கிறது.

வீடியோவை யூடியூபில் ஏற்றினால் பாட்டின் உரிமையாளர் பெயரில் ஒரு க்ளெய்ம் வரலாம். பயப்பட வேண்டாம், அது ஸ்ட்ரைக் இல்லை. பெரும்பாலும் வருமானம் அவர்களுக்குப் போகும், அவ்வளவுதான். நேரலை மட்டும் வேண்டாம், நடுவில் அறுந்து போனால் வெளியூர்க்காரர்கள் போன் மேல் போன் போடுவார்கள். ஃப்ளெக்ஸ் பேனரை ஹாலுக்குள் வையுங்கள். ரோட்டோரம் கட்டினால் அதற்குத் தனி அனுமதி.

8. ஆன செலவு

90 பேர் வந்த நிகழ்ச்சிக்கு எங்கள் நோட்டுக் கணக்கு இது. ஹால் ரூ.10,000, ஜிஎஸ்டி ரூ.1,800. கரண்ட் ரூ.1,150. துப்புரவு ரூ.1,000. சவுண்ட் ரூ.8,500. லூப் பெடல் வாடகை ரூ.700. வாசித்த பையன்களுக்குப் பஸ் செலவும் டிபனும் ரூ.1,600. அரிசிம்பருப்புச் சோறும் தயிரும் ஆளுக்கு 65 ரூபாய் வீதம் ரூ.5,850. காபி ரூ.1,080. பேனர் ரூ.600. ஜெராக்ஸ், பிரிண்ட் ரூ.150. மொத்தம் ரூ.32,430. அரிசிம்பருப்பு என்று முடிவு பண்ணியதால்தான் இந்தத் தொகை. பிரியாணி என்றால் சாப்பாட்டுக் கணக்கு இரட்டிப்பாகும், கூட்டமும் இரட்டிப்பாகும், அதில் பாதிப் பேர் பாட்டுக்கு வந்தவர்களாக இருக்க மாட்டார்கள்.

டெபாசிட் ரூ.5,000 கொடுத்திருந்தோம். மறுநாளே போய் நின்றால் "கணக்குப் பார்க்கணுமுங்க" என்பார்கள். புதன்கிழமை போங்கள், ரசீதோடு. எங்களுக்கு ரூ.4,300 வந்தது. பாட்டு வரிகளைத் தாளில் பெரிதாக எழுதிச் சுவரில் செலோடேப் போட்டு ஒட்டியிருந்தோம், பிய்த்தபோது பெயிண்ட் வந்துவிட்டது. அதற்கு 700. அடுத்த தடவைக்கு வரிகள் வைக்க இரண்டு ஸ்டாண்டு கேட்டு வைத்திருக்கிறேன்.